மிச்சம் பிடித்த ரூபாய் 3,500

கார் வைத்திருப்போர் யாவரும் செல்வந்தர் என்று எண்ணிய காலம் எங்கள் அஞ்செட்டிப் பக்கம் எப்போதோ கடந்துவிட்டது. தேன்கனிக்கோட்டைக்குப் போவதானாலும், நாட்றாம்பாளையம் வழியே ஒகேனக்கல்லுக்கு இறங்குவதானாலும் காட்டைக் கடந்தே செல்ல வேண்டும். பொழுது சாய்ந்த பின் பேருந்து அரிது. யானை நடமாட்டமோ அரிதன்று. நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தாலும், ஒரு பெண்ணுக்கு இடுப்புவலி கண்டாலும், வாசலில் நான்கு சக்கரத்தில் ஏதேனும் ஒன்று நின்றாலன்றி வழியில்லை. ஆகவேதான் கேழ்வரகும் கொள்ளும் விளைவிக்கும் குடும்பங்கள்கூட, பிள்ளைகள் ஓசூர் சிப்காட்டில் வேலைக்கமர்ந்து நாலு காசு பார்த்ததும், பழைய கார் ஒன்றை வாங்கி நிறுத்துகின்றன. வாங்குவது ஒருமுறைச் செலவு. ஆண்டுதோறும் வந்து கதவைத் தட்டும் செலவு இன்ஷூரன்ஸ். அதில் எப்படி மிச்சம் பிடிக்கலாம் என்று எண்ணாத குடும்பம் இராது. நாங்களும் எண்ணினோம். எண்ணியபடியே மிச்சமும் பிடித்தோம். அந்தக் கதையைத்தான் ஒளிவுமறைவின்றி இங்கே எழுதுகின்றோம்.

2017-ஆம் ஆண்டு பெங்களூருவில் ஒருவரிடம் 2012-இல் வெளிவந்த மாருதி ஆல்ட்டோ ஒன்றை வாங்கினோம். ஐந்தாண்டுகளாக ஒருமுறையேனும் இழப்பீடு கேளாத வண்டி, பிரீமியத்தில் பாதி தள்ளுபடி உண்டு என்று விற்றவர் சொன்னபோது, அத்தள்ளுபடியும் வண்டியோடு எங்களுக்கே வந்து சேரும் என்று மகிழ்ந்துபோனோம். அது அப்படியன்று. நோ கிளெய்ம் போனஸ் என்பது வண்டிக்குரியதன்று, உரிமையாளருக்குரியது. விற்றவர் அதைத் தம்மோடு எடுத்துச் சென்று, மூன்றாண்டுகளுக்குள் தாம் வாங்கும் வேறு காருக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். வாங்கியவர் முதற்படியிலிருந்தே ஏற வேண்டும். இன்னொன்றும் அப்போதுதான் அறிந்தோம். கைமாறிய 14 நாட்களுக்குள் பாலிசியைத் தம் பெயருக்கு மாற்றும்படி வாங்கியவர் விண்ணப்பிக்க வேண்டும். பிறருக்கு நேரும் தீங்குக்கான பகுதி தானே தொடரும் என்று சட்டம் கொள்கிறது. நம் வண்டிக்கு நேரும் சேதத்திற்கான பகுதியோ பெயர் மாறாதவரை நமக்கு உதவாது. ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றிவிட்டு, பாலிசியைப் பழையவர் பெயரிலேயே விட்டுவைத்துப் பின்னர் வருந்தியோரை நாங்கள் அறிவோம்.

எல்லைப்புறத்தில் வாழும் நமக்குரிய சிறு செய்தி ஒன்றையும் இடையே சொல்லிவிடுகிறோம். பழைய மோட்டார் கட்டண விதிகளில் பெங்களூரு, சென்னை முதலிய பெருநகரங்கள் எட்டும் முதல் மண்டலம். ஏனைய ஊர்கள் யாவும் இரண்டாம் மண்டலம். வண்டி எங்கே பதிவாகியுள்ளதோ அதைக் கொண்டே மண்டலம் அமையும். ஆகவே கர்நாடகப் பதிவெண்ணை ஓசூர்ப் பதிவெண்ணாக மாற்றிய பின், சொந்தச் சேதப் பிரீமியம் சற்றுக் குறைய வழியுண்டு. லட்சத்திற்கு நூறு ரூபாய்கூட வராத வேறுபாடுதான். எனினும் வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் வண்டியை மறுபதிவு செய்தே தீரவேண்டும் என்பது சட்டமாதலின், செய்வதைச் செய்தால் இந்தச் சில்லறையும் கூடவே கிடைக்கும்.

2018-ஆம் ஆண்டு நவம்பரில் பாலிசியைப் புதுப்பிக்கும் நாள் வந்தது. ஃபுல் இன்ஷூரன்ஸ் எடுப்பதா, தேர்ட் பார்ட்டி மட்டும் போதுமா என்ற கேள்வி எழுந்தது. “ஆறு வருடப் பழைய வண்டிக்கு ஃபுல் எதற்கு? போலீஸ்காரர் கேட்டால் காட்ட ஒரு காகிதம் இருந்தால் போதாதா?” என்றார் அண்டை வீட்டுக்காரர். எங்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. வண்டியின் முகப்பில் ஆரோக்கிய மாதாவின் சிறு சுரூபம் இருந்தது. வாங்கிய வாரமே பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக் கொடுத்திருந்தார். மாதா பார்த்துக்கொள்வாள் என்ற நம்பிக்கையோடு தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்தோம். மிச்சமான 3,500 ரூபாயில் கிறிஸ்மசுக்குப் பிள்ளைகளுக்குத் துணி வாங்கினோம். அன்று எங்களைவிடக் கெட்டிக்காரக் குடும்பம் அஞ்செட்டியில் இல்லை என்றே எண்ணியிருந்தோம்.

2019 ஜனவரியில் தேன்கனிக்கோட்டையில் ஓர் உறவினர் வீட்டுத் திருமணம். திருப்பலியும் விருந்தும் முடிந்து திரும்புகையில் இருட்டத் தொடங்கிவிட்டது. கேழ்வரகு அறுவடைக் காலத்தில் பன்னார்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் நம் காடுகளுக்கு வருவது ஆண்டுதோறும் நிகழ்வது. அதை அறிந்திருந்தும், இருட்டுமுன் வீடு சேரவேண்டும் என்று சற்று வேகமாகவே வந்தோம். ஒரு வளைவு திரும்பியதும் சாலை நடுவே பெரிய யானை ஒன்றும் அதன் பின்னே குட்டியும் நின்றன. பிரேக்கை அழுத்த, வண்டி வழுக்கிச் சாலையோரப் பள்ளத்தில் இறங்கி மரமொன்றில் மோதி நின்றது. யானை எங்களை ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் வழியே போயிற்று. முன்னிருக்கையில் பெல்ட் அணிந்திருந்தோருக்குக் காயமில்லை. பின்னிருக்கையில் பெல்ட் இன்றி அமர்ந்திருந்த பெரியம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

பெரியம்மா எங்களோடு வாழும் கைம்பெண். அன்று 68 வயது. ஓசூரில் தனியார் மருத்துவமனையொன்றில் அறுவைச் சிகிச்சை செய்து தகடு வைத்தார்கள். மருத்துவச் செலவு மட்டும் ரூ. 1,40,000. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை எடுத்துத் தராமல் நாட்களைத் தள்ளிப்போட்டதும் எங்கள் குற்றமே. வண்டியைச் சீராக்க ரூ. 38,000. மருத்துவமனைத் திண்ணையில் அமர்ந்து, அதுவரை மடித்த மடிப்புக் குலையாமல் வைத்திருந்த பாலிசியை முதன்முறையாக விரித்துப் படித்தோம்.

அதில் எங்கள் வண்டிக்கு எதுவுமில்லை, அது எதிர்பார்த்ததே. பெரியம்மாவுக்கும் எதுவுமில்லை என்பதுதான் எங்களைத் திகைக்க வைத்தது. தேர்ட் பார்ட்டி என்றால் ஓட்டுபவரையும் கம்பெனியையும் தவிர்த்த பிறர் யாவரும் என்றே நினைத்திருந்தோம். சட்டம் கட்டாயமாக்கும் அந்த அடிப்படைப் பாலிசி சாலையில் செல்வோரைக் காக்கும். எதிர்வண்டியில் வருவோரைக் காக்கும். நம் சொந்தக் காருக்குள் கட்டணமின்றி அமர்ந்து வரும் பெற்றோரையோ, பிள்ளைகளையோ, உறவினரையோ காப்பதில்லை. 2006-இல் ஸ்கூட்டரின் பின்னிருக்கைப் பயணி ஒருவரைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிற்று. 2012-இல் வேறொரு வழக்கில், சொந்தச் சேதத்தையும் சேர்த்து எடுக்கும் முழுப் பாலிசி காருக்குள் இருப்போருக்கான பொறுப்பையும் ஏற்கும் என்று கூறிற்று. 2009-லேயே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் இதனை எல்லா நிறுவனங்களுக்கும் சுற்றறிக்கையாக அனுப்பியிருந்தது. ஃபுல் இன்ஷூரன்ஸ் என்பது பம்பருக்கும் கண்ணாடிக்கும்தான் என்று எண்ணி நாங்கள் அதைத் தள்ளினோம். தள்ளிய அந்த 3,500 ரூபாய்க்குள் பெரியம்மாவும் இருந்தார். கட்டாயம் என்று எங்களிடம் வசூலித்த 15 லட்ச ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பீடோ, வண்டிக்கு உரிமையாளராகி அதை ஓட்டுபவருக்கு மட்டுமே உரியது.

மூன்றாம் நாள் மருத்துவமனை வாசலில் ஒருவர் வந்து அறிமுகம் செய்துகொண்டார். எங்கள் நிலைமை அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. “அம்மா காருக்குள் இருந்தார் என்று ஏன் சொல்கிறீர்கள்? ரோட்டோரம் நடந்து போனார், உங்கள் கார் இடித்துவிட்டது என்று எழுதிக் கொடுங்கள். தேர்ட் பார்ட்டியில் லட்சக்கணக்கில் வரும். மூன்றில் ஒரு பங்கு எனக்கு” என்றார். சாட்சிக்கு ஆள் தருவதாகவும் சொன்னார். அவரை அப்போதே விரட்டினோம் என்று எழுதவே ஆசை. உண்மை அதுவன்று. யோசித்துச் சொல்கிறோம் என்றோம். அன்றிரவு முழுவதும் உறக்கமில்லை. நகையை அடகு வைத்தாயிற்று; மேலும் பணம் தேவை. கம்பெனியின் பணம்தானே, யாருக்கு நட்டம் என்று எங்களுக்குள்ளேயே வாதாடினோம். விடிந்ததும் பெரியம்மாவிடம் மெல்ல எடுத்துச் சொன்னோம், அவர் கையெழுத்தும் வேண்டியிருந்தபடியால்.

அவர் நெடுநேரம் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “கண்ணு, ஜட்ஜு கேட்டா, நடந்து போனேன்னு சத்தியம் பண்ணணுமா?” என்றார். ஆம் என்றோம். “பூசை பார்த்துட்டு, நற்கருணை வாங்கிட்டு வர்றப்போ அடிபட்டேன். அதே வாயால அதைச் சொல்ல மாட்டேன். இருக்கிற ரெண்டு ஆட்டையும் வித்துடுங்க” என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆடுகளை விற்றோம். அந்த மனிதர் பின்னர் இருமுறை அழைத்தார், நாங்கள் எடுக்கவில்லை.

யாருக்கு நட்டம் என்ற எங்கள் கேள்விக்கு விடை பிறகுதான் புலப்பட்டது. தேர்ட் பார்ட்டி என்பது அரசு மக்கள்மேல் சுமத்திய வரியன்று. 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் இடம்பெற்று, 1946 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்து, 1988-இன் இன்றைய சட்டத்திலும் தொடரும் ஏற்பாடு அது. இடித்தவன் ஏழையாயினும் இடிபட்டவன் தெருவில் நிற்கலாகாது என்பதே அதன் கருத்து. எரிக்கோ சாலையில் குற்றுயிராய்க் கிடந்தவனைச் சாவடிக்காரரிடம் ஒப்படைத்து, இரண்டு தெனாரியம் கொடுத்து, மேற்கொண்டு ஆகும் செலவையும் ஏற்ற அந்தச் சமாரியரின் பொறுப்பைச் சாலையில் வண்டி ஓட்டும் எல்லோரும் சேர்ந்து முன்பணமாகக் கட்டிவைக்கின்றோம். அந்தப் பையில் பொய்யாகக் கை வைத்தால், உண்மையாகவே சாலையோரம் நடந்து சென்று அடிபடும் யாரோ ஒரு கூலியாளின் பங்கில் அல்லவா கை வைக்கின்றோம்? புதுக் காருக்கு மூன்றாண்டும் இருசக்கர வண்டிக்கு ஐந்தாண்டும் சேர்த்தே இப்பகுதியைக் கட்டவேண்டும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதற்குக் காரணமான வழக்கைத் தொடுத்தவர், கோவையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன். முறிந்த எலும்புகளை அன்றாடம் கண்டவர் அவர்.

இப்பகுதியில் பேரம் பேச இடமுமில்லை. எல்லா நிறுவனங்களுக்கும் இதன் தொகை ஒன்றே. 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த அறிவிப்பின்படி 1,000 சி.சி. வரையுள்ள தனியார் காருக்கு ரூ. 2,094, 1,500 வரை ரூ. 3,416, அதற்கு மேல் ரூ. 7,897. மின்சாரக் காருக்கு 15 விழுக்காடு தள்ளுபடி. இத்தொகையைத் தாம் குறைத்து வாங்கித் தருவதாக எவரேனும் சொன்னால், அவர் தரும் பாலிசி மெய்யானதா என்று அரசின் வாகனப் பதிவேட்டில் சரிபார்த்துவிட்டே பணம் கொடுக்க வேண்டும். கட்டாமலே ஓட்டினால் 2019 திருத்தத்தின்படி முதல்முறை ரூ. 2,000 அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ; அவ்வேளையில் விபத்தும் நேர்ந்துவிட்டால் தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீடு முழுவதும் வீடு வாசலை விற்றேனும் நாமே கொடுக்க வேண்டியது.

அப்படியானால் மிச்சம் பிடிக்க வழியே இல்லையா? இருக்கிறது; ஆனால் அது சொந்தச் சேதப் பகுதியில் இருக்கிறது. 2007 ஜனவரி முதல் இப்பகுதியின் கட்டணத்தை நிறுவனங்கள் தாமே வகுத்துக்கொள்கின்றன. ஆகவே ஒரே வண்டிக்கு மூன்று இடங்களில் விலை கேட்டால் மூன்று விலை வரும். 2019 மே மாதத்தில், வண்டியை ஆய்வுக்குக் காட்டி முழுப் பாலிசிக்கு மாறியபோது நாங்கள் அவ்வாறே கேட்டு எடுத்தோம். வண்டியின் மதிப்பைக் குறைத்துக் காட்டினால் பிரீமியம் இன்னும் குறையும் என்றார் ஒருவர். அது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. வண்டி திருடுபோனால் கையில் கிடைப்பது அந்தக் குறைத்த மதிப்புத்தானே.

எங்களுக்கு உண்மையாகவே பணம் மிஞ்சியது, கேட்காமலிருந்ததால். ஓராண்டு இழப்பீடு கேளாவிடில் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 விழுக்காடு குறையும். பின்னர் ஆண்டுக்கேற்ப 25, 35, 45 என வளர்ந்து, ஐந்தாம் ஆண்டில் 50-இல் நிற்கும். எங்களுக்கு 35 விழுக்காடு சேர்ந்திருந்த சமயம், சந்தையில் பின்னால் வந்த வண்டி தட்டிப் பம்பர் உடைந்தது. தட்டியவர் நிற்காமல் போய்விட்டார். பழுதுபார்க்க ரூ. 2,800, அதில் பம்பர் ரூ. 2,000, கூலி ரூ. 800. கிளெய்ம் செய்யலாமே என்று பையன் சொன்னான். காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டோம். பிளாஸ்டிக் உறுப்புக்குப் பாதி மதிப்பே தருவார்கள், எனவே ரூ. 1,000 கழியும். சிறிய காருக்குக் கட்டாயமாக நாம் ஏற்க வேண்டிய தொகை ரூ. 1,000, அதுவும் கழியும். கைக்கு வருவது ரூ. 800. எங்கள் சொந்தச் சேதப் பிரீமியமோ தள்ளுபடிக்கு முன் ரூ. 3,000. கேட்காதிருந்தால் அடுத்த ஆண்டு 45 விழுக்காடான ரூ. 1,350 குறையும்; கேட்டால் ஒன்றும் குறையாது. அதற்கடுத்த ஆண்டில் 50-க்கும் 20-க்கும் உள்ள இடைவெளி ரூ. 900. எண்ணூறு ரூபாய்க்காக ரூ. 2,250-ஐ இழப்பதா? பம்பரைக் கைக்காசிலேயே மாற்றினோம். இந்த போனசைக் காக்க வேண்டுமானால் பாலிசி காலாவதியான 90 நாட்களுக்குள் புதுப்பித்துவிட வேண்டும். தாண்டினால் ஐந்தாண்டுச் சேமிப்பும் ஒரே நாளில் போய்விடும். நாங்கள் தேதியைப் பங்கு நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைக்கிறோம்.

சிறு சேதத்துக்குக் கேட்பதில்லை என்று முடிவான பின், அந்த முடிவுக்கே ஒரு விலை கேட்டுப் பெறலாம் என்பதும் தெரிந்தது. கட்டாயத் தொகைக்கு மேல் இன்னும் ரூ. 2,500-ஐ நாமே ஏற்பதாக எழுதிக் கொடுத்தால், பழைய கட்டண விதியின்படி சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 விழுக்காடு, உச்சமாக ரூ. 750, குறையும். பெரிய விபத்தில் அந்த 2,500 நம் கையைக் கடிக்கும் என்பதை அறிந்தே ஏற்றோம். மேலும், காரும் இருசக்கர வண்டியும் ஒரே பெயரில் இருந்தால், முன்சொன்ன 15 லட்சத் தனிநபர் விபத்துக் காப்பீடு ஒன்று போதும். 2019-லிருந்தே இதைத் தனியாக எடுத்துக்கொள்ளலாம். இதை அறியாமல் நாங்கள் இரண்டு ஆண்டுகள் இரண்டு வண்டிக்கும் கட்டினோம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள், கேட்கவில்லை.

வேறொரு மிச்சத்தைப் பற்றிச் சொல்லத் தயக்கமாயிருக்கிறது. பங்கில் பலரும் செய்வது, நல்லெண்ணத்தோடு செய்வது. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திற்கோ, செப்டம்பர் 8 திருநாளுக்கோ வேளாங்கண்ணிக்குப் போக வாடகை வண்டி பிடித்தால் செலவு அதிகம் என்று, வெள்ளைப் பலகைக் கார் வைத்திருப்பவரிடம் பேசி ஆளுக்கு இவ்வளவு என்று கொடுத்துப் போவது. முழுப் பாலிசியேயாயினும், தனியார் கார் வாடகைக்கு ஆளேற்றினால் உள்ளே இருப்போருக்கான பாதுகாப்பு அறுந்துபோகும். யாத்திரை என்பதற்காகச் சட்டம் கண்ணை மூடிக்கொள்வதில்லை. பதினேழு வயதுப் பையனிடம் சாவியைக் கொடுப்பதும் இவ்வகையே. இடிபட்டவருக்கு நிறுவனம் பணம் கொடுத்தாலும், பின்னர் உரிமையாளரிடமிருந்து அதைத் திரும்ப வசூலிக்க முடியும். 2019 முதல் பெற்றோருக்கு ரூ. 25,000 அபராதமும் மூன்றாண்டுச் சிறையும் வரை உண்டு.

இன்று விபத்தில் அடிபட்டோருக்குத் தமிழகத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய அது எங்களுக்கு உதவ வழியில்லை. அடகு வைத்த நகையை மீட்க இரண்டு ஆண்டுகள் ஆயின.

பெரியம்மா இப்போது கைத்தடியோடு கோயிலுக்கு வருகிறார். காரில் ஏறினால் பின்னிருக்கையிலும் பெல்ட்டைத் தாமே தேடி மாட்டிக்கொள்கிறார். ஒவ்வோர் ஆண்டும் பாலிசி புதுப்பிக்கும்போது, காரில் அமர்வோருக்கு ஆளுக்கு ஒரு லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் சேர்த்துக் கேட்கிறோம். எலும்பு முறிவுக்கு அது உதவாது. உயிரோ, கையோ காலோ, கண்ணோ போனால்தான். ஓர் இருக்கைக்கு ஆண்டுக்கு ஐம்பது ரூபாய், வரி தனி. இச்செய்தியை ஒருமுறை அவர் காதுபடப் பேசிவிட்டோம். அதிலிருந்து மே மாதம் பிறந்ததும், முதியோர் உதவித்தொகையிலிருந்து ஐம்பது ரூபாய் நோட்டு ஒன்றை முந்தானையில் முடிந்து வைத்திருந்து, “என் சீட்டுக்கு” என்று எங்கள் கையில் கொடுத்துவிடுகிறார். வேண்டாமென்றால் கோபித்துக்கொள்கிறார். வரி ஒன்பது ரூபாயை மட்டும் அவருக்குச் சொல்லாமல் நாங்கள் போட்டுக்கொள்கிறோம்.